மூன்றாவது முயற்சியில்தானா, மூன்றாவது முயற்சியிலேயேவா?

‘ஒன்லி ஆன் ஹிஸ் தேர்ட் அட்டெம்ப்ட் டிட் ஹி பாஸ்.’ ‘ஹி பாஸ்ட் ஆன் ஒன்லி ஹிஸ் தேர்ட் அட்டெம்ப்ட்.’ இரண்டும் ஒரே பையனைப் பற்றி, ஒரே டிரைவிங் டெஸ்டைப் பற்றிச் சொன்னவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறியிருக்கிறான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் முதல் வாக்கியத்தைச் சொல்பவருக்கு அவன் ஒரு மந்தன். இரண்டாவதைச் சொல்பவருக்கோ, ‘பரவாயில்லையே, அதற்குள் தேறிவிட்டானே’ என்று வியப்பு. ‘ஒன்லி’ என்ற சொல் ‘ஆன்’ என்பதற்கு முன்னால் உட்கார்ந்தால் குறை, பின்னால் உட்கார்ந்தால் பாராட்டு.

இலக்கணக்காரர்கள் இதைக் கொஞ்சம் வறட்சியாகச் சொல்வார்கள்: ‘ஆன்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் தொடருக்குள் முதலாவது, இரண்டாவது போன்ற வரிசைச் சொல் இருக்கும்போது, ‘ஒன்லி’ போன்ற வினையடை எங்கே வந்து ஒட்டுகிறது என்பது பிரச்சினை. பெயரே கொட்டாவி வரவழைக்கும். ஆனால் மொரீஷியஸில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நான் திருச்சியில் பிறந்து, கல்யாணம் ஆகி ரோஸ் ஹில்லுக்கு வந்தவள். சாயங்காலம் வீட்டு முன்தாழ்வாரத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இங்கே அதற்கு ‘லெசோன்’ என்று பெயர்.

இந்தத் தீவின் மொழிக் கணக்கு வெளியூர்க்காரர்களுக்குத் தலை சுற்ற வைக்கும். 1810-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டிஷார் தீவைப் பிடித்தார்கள். ஆனால் இருந்தவர்களின் மொழியையும் சட்டத்தையும் பழக்கவழக்கங்களையும் அப்படியே விட்டுவைத்தார்கள். அதனால் வீட்டிலும் சந்தையிலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சில், பாடப்புத்தகமும் பரீட்சைத்தாளும் ஆங்கிலத்தில். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழையும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். ஆக, என் முன்னால் உட்காரும் பிள்ளை ஓர் ஆங்கில வாக்கியம் எழுதும்போது அதற்குப் பின்னால் மூன்று மொழிகள் நின்றுகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்கின்றன.

ஒரு பெண் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். அதில் இப்படி ஒரு வரி: ‘மை கிராண்ட்மதர் லெஃப்ட் தி ஐலண்ட் ஃபார் தி செகண்ட் டைம் ஒன்லி வென் ஐ வாஸ் டென்.’ அவள் சொல்ல வந்தது என்ன? பாட்டி அதுவரை ஒரே ஒரு தடவைதான் தீவை விட்டுப் போயிருந்தார், எனக்குப் பத்து வயதானபோது போனது வெறும் இரண்டாவது தடவை என்பதா? அல்லது, பாட்டி இரண்டாவது தடவை கிளம்புவதற்கு எனக்குப் பத்து வயது ஆக வேண்டியிருந்தது என்பதா? ‘ஒன்லி’ நட்டநடுவில் நிற்கிறது. பின்னால் பார்த்தால் ஓர் அர்த்தம், முன்னால் பார்த்தால் இன்னோர் அர்த்தம். கேட்டேன். முதல் அர்த்தம்தான் என்றாள். அவள் தலைக்குள் ஓடியது பிரெஞ்சு: ‘பூர் ல தேசியேம் ஃப்வா சேல்மான்’. பிரெஞ்சில் ‘மட்டும்’ என்பதைத் தொடரின் வாலில் கட்டுவது ரொம்ப இயல்பு. அவள் அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டாள். ஆங்கிலத்தில் அந்த வால் அடுத்து வரும் சொல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ‘ஃபார் ஒன்லி தி செகண்ட் டைம்’ என்று நடுவில் செருகியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரி, நடுவில் செருகினால் ஏன் அர்த்தம் மாறுகிறது? இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்தது ஆங்கில இலக்கணப் புத்தகம் இல்லை, நம் தமிழ்தான்.

‘மூன்றாவது முயற்சியில்தான் தேறினான்.’ தாமதம், சலிப்பு. ‘மூன்றாவது முயற்சியிலேயே தேறினான்.’ சீக்கிரம், மெச்சுதல். ‘மூன்றாவது முயற்சியில் மட்டும் தேறினான்.’ மற்ற முயற்சிகள் எதிலும் இல்லை, நான்காவதிலும் ஐந்தாவதிலும்கூட இல்லை. மூன்று வால்கள், மூன்று அர்த்தங்கள். தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் இதில் தடுமாறாது. ஆங்கிலத்திலோ இந்த மூன்று வேலையையும் ‘ஒன்லி’ ஒன்றே பார்க்கிறது. ஆளைக் கூட்ட முடியாதபோது இடத்தை மாற்றித்தானே சமாளிக்க வேண்டும்? அதனால்தான் ஆங்கிலத்தில் நாற்காலிக்கு அவ்வளவு மதிப்பு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நானும் இதை முதலில் கவனிக்கவில்லை. ‘தான்’ என்றால் எப்போதும் தாமதம் என்று சொல்லிவிட முடியாது. ‘இது அவனுக்கு மூன்றாவது முயற்சிதான்’ என்று சொல்லிப் பாருங்கள். இப்போது சலிப்பு காணாமல் போய்விட்டது. இன்னும் எத்தனையோ முயற்சி பாக்கி இருக்கிறது, கவலைப்படாதே என்கிற தொனி. அதே ‘தான்’. ‘முயற்சி’யில் ஒட்டினால் குறைவு, ‘முயற்சியில்’ என்று வேற்றுமை உருபு சேர்ந்த பிறகு ஒட்டினால் தாமதம். உருபுக்கு உள்ளே நின்றால் எண் சின்னதாகத் தெரிகிறது, வெளியே நின்றால் பெரிதாகத் தெரிகிறது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘ஆன்’ என்பது நம் ‘இல்’ உருபு மாதிரி. ‘ஒன்லி’ அதற்கு வெளியே நின்றால் மொத்தத் தொடரையும் பிடிக்கிறது: அந்தக் கட்டம் வரும்வரை நடக்கவில்லை, அப்போதுதான் நடந்தது. உள்ளே புகுந்து வரிசைச் சொல்லின் தோளில் கை போட்டால் எண்ணை மட்டும் பிடிக்கிறது: வெறும் மூன்றாவது, அதற்கு மேல் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனிச்சொல். அதற்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, ‘ஒன்லி’ நுழைந்துகொள்ளலாம். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிப்போய்விட்டது. ‘முயற்சிதானில்’ என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே நுழைய வழி இல்லாததால்தான், உள்ளே நின்று செய்ய வேண்டிய வேலையை வெளியே நின்றே செய்துகொடுக்க ஏகாரம் வருகிறது: ‘முயற்சியிலேயே’. தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து வேலை சொல்கிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. ‘அதற்குள்ளாகவா’ என்று வியக்கும் இந்த ஏகாரத்தை உறுதி சொல்லும் தேற்றத்தில் அடக்குவதா, ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பிரிநிலையில் அடக்குவதா என்று தமிழாசிரியர்கள் சண்டை போடட்டும். எனக்கு அது வேலை செய்கிறது, போதும்.

என்னுடைய மாணவர்களுக்கு இந்தத் தமிழ் வழி எப்போதும் செல்லுபடியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்குத் தமிழ் கோயிலிலும் பாடப்புத்தகத்திலும் இருக்கிற மொழி. ‘தானா, ஏயா’ என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். அவர்களுக்கு பிரெஞ்சு வழி இருக்கிறது. பிரெஞ்சு முன்னிடைச்சொல்லையே மாற்றிவிடுகிறது. ‘தெ’ என்று தொடங்கினால் அதற்குள்ளாகவே என்று பொருள், ‘தெ ல ப்ரெமியே ழூர்’ என்றால் முதல் நாளிலிருந்தே. தாமதத்தைக் குறிக்க ‘சேல்மான்’ போடுவார்கள், இல்லையென்றால் ‘ந’வையும் ‘க’வையும் இரண்டு பக்கமும் நிறுத்துவார்கள். ‘தெ’யை நினைத்துக்கொண்டு எழுதினால் ‘ஒன்லி’ உள்ளே, ‘சேல்மான்’ என்று நினைத்தால் ‘ஒன்லி’ வெளியே. இந்தக் குறுக்குவழி லெசோனில் நன்றாகவே ஓடுகிறது. ஒரே ஆபத்து, அந்தத் ‘தெ’யைச் சில பிள்ளைகள் ‘சின்ஸ்’ என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். ‘சின்ஸ் தி ஃபர்ஸ்ட் டே ஹி நியூ’ என்று எழுதுவார்கள். அங்கே ஆங்கிலம் கேட்பது ‘ரைட் ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் டே’.

‘ஒன்லி’ வெளியே நின்று, அந்தத் தொடர் வாக்கியத்தின் தலைக்கு வந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. எழுவாயும் துணைவினையும் இடம் மாற வேண்டும், கேள்வி கேட்கும்போது மாறுவது போலவே. ‘டிட் ஹி பாஸ்’ என்று வந்தது அதனால்தான். ‘ஒன்லி ஆன் ஹிஸ் தேர்ட் அட்டெம்ப்ட் ஹி பாஸ்ட்’ என்று எழுதினால் பேனா சிவப்பாகும். உள்ளே நிற்கும் ‘ஒன்லி’க்கு அந்த அதிகாரம் இல்லை. ‘ஆன் ஒன்லி ஹிஸ் தேர்ட் அட்டெம்ப்ட், ஹி பாஸ்ட்’ என்று நேராகவே போகலாம். காரணம் புரிந்தால் மனப்பாடம் தேவையில்லை: வெளியே நிற்கும் ‘ஒன்லி’யில் ஒரு மறுப்பு ஒளிந்திருக்கிறது. அதற்கு முன் இல்லை, இல்லை என்று அது சொல்லிக்கொண்டே வருகிறது. மறுப்பு முன்னால் வந்தால் ஆங்கில வாக்கியம் இப்படித் திரும்பும். ‘நாட் அன்டில் தி தேர்ட் அட்டெம்ப்ட் டிட் ஹி பாஸ்’ என்பதும் இதே திருப்பம்தான்.

பேச்சில் இவ்வளவு கறார் கிடையாது. ‘ஹி ஒன்லி பாஸ்ட் ஆன் ஹிஸ் தேர்ட் அட்டெம்ப்ட்’ என்று வினைக்கு முன்னால் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்பவருக்குத் தாமதம் என்று புரிந்துவிடும். எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதன் பக்கத்தில்தான் ‘ஒன்லி’ நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆங்கில வாத்தியார்கள் உண்டு. அவர்களை 1926-லேயே ஃபௌலர் என்ற வழக்கு அகராதிக்காரர் கிண்டல் செய்துவிட்டார். குழப்பம் வராத இடத்தில் சொல் தன் பழகிய இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் பேச்சில் கிடைக்காத ஒன்று இருக்கிறது: வினைக்கு முன்னால் நிற்கும் ‘ஒன்லி’யை வைத்துக்கொண்டு ‘மூன்றாவதிலேயே’ என்ற பாராட்டைச் சொல்ல முடியாது. அதற்கு உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

இந்த விஷயத்தில் என் மாமனார் பெரிய உதவி, அவருக்கே தெரியாமல். மாமாவுக்குக் குதிரைப் பந்தயம் உயிர். போர்ட் லூயிஸில் ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் 1812-லிருந்து பந்தயம் நடக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இதைவிடப் பழைய பந்தய மைதானம் கிடையாது. 1968 மார்ச் 12 அன்று சுதந்திரக் கொடி ஏறியதும் அதே மைதானத்தில்தான். ஆனால் மாமாவிடம் கேட்டால் அதைவிட எந்தக் குதிரை எந்த வளைவில் முந்தியது என்பதைத்தான் முதலில் சொல்வார். சனிக்கிழமை பந்தயம் முடிந்து வந்தால், கால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று பாதி கிரியோலிலும் பாதி கோயில் பள்ளித் தமிழிலும் அறிக்கை வாசிப்பார். ஒரு சனிக்கிழமை, ‘என்னம்மா இது, மூணாவதாத்தான் வந்துச்சு’ என்று முகத்தைத் தொங்கப் போட்டார். அடுத்த மூச்சிலேயே, ‘ஆனா பாரு, இது அதுக்கு மூணாவது ரேஸ்தான்’ என்று கண்ணை அகலவிரித்தார். ஒரே குதிரை, ஒரே ‘மூணாவது’, ஒரே ‘தான்’. முதல் வாக்கியத்தில் அது தாழ்வு, இரண்டாவதில் நம்பிக்கை.

இங்கே இடம் வேறு வேலை செய்யவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. எத்தனையாவது தடவை என்று எண்ணும்போது மூன்று சின்ன எண். எத்தனையாவது இடம் என்று தரம் பார்க்கும்போது மூன்று கீழ் இடம். ஆங்கிலத்திலும் ‘இட் ஃபினிஷ்ட் ஒன்லி தேர்ட்’ என்றால் ஏமாற்றம், ‘இன் ஒன்லி இட்ஸ் தேர்ட் ரேஸ்’ என்றால் மெச்சுதல். ‘ஒன்லி’ எப்போதும் ‘அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை’ என்றே சொல்கிறது. அளவுகோலில் ‘மேல்’ எந்தப் பக்கம் என்பதைத்தான் வரிசைச் சொல் தீர்மானிக்கிறது. தடவைகளில் மேல் என்றால் நான்கு, ஐந்து. இடங்களில் மேல் என்றால் இரண்டு, ஒன்று. பரீட்சைத்தாளில் பிள்ளைகள் இந்த இரண்டையும் கலப்பதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அளவுகோல் புரிந்துவிடுகிறது, நாற்காலிதான் தகராறு செய்கிறது.

இடம் என்ற அர்த்தத்தில் ‘மூன்றாவது’ எவ்வளவு உறுத்தும் என்பதற்கு இந்தத் தீவே சாட்சி. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கு அடுத்து இந்தி என்பது பழைய வரிசை. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே போய்விட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். மாமா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் ‘மூணாவதாகவா!’ என்று இப்போதும் குரல் உயரும். ‘ஒன்லி இன் தேர்ட் பிளேஸ்’ என்பதற்கு உதாரணம் கேட்டால் நான் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டி, எந்த வரி எந்த வரிக்குப் பதிலாக இருந்தது என்று விரலால் காட்டிவிடுவேன். பாடமும் முடிந்தது, சரித்திரமும் சொன்ன மாதிரி.

தடவை என்ற அர்த்தத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் சூறாவளி. வாக்குவாவில் இருக்கும் வானிலை நிலையம் ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை எச்சரிக்கை விடும். நான்காவது என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசத் தொடங்கிவிட்டது, தொடர்ந்து வீசும் என்று அர்த்தம். எங்கள் தெருவில் எதிரெதிராக இரண்டு கடைகள். ஒருவர் இரண்டாவது எச்சரிக்கையிலேயே ஷட்டரை இறக்கி, ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுவார். இன்னொருவர் மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகுதான் எழுந்திருப்பார், அதுவும் கடைசி ரொட்டி விற்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு. ‘ஆஃப்டர் ஒன்லி தி செகண்ட் வார்னிங்’, ‘ஒன்லி ஆஃப்டர் தி தேர்ட் வார்னிங்’ என்று பலகையில் எழுதிவிட்டு, யார் எந்தக் கடைக்காரர் என்று கேட்டால் கடைசி வரிசைப் பையன்கூடச் சரியாகச் சொல்லிவிடுகிறான். விதியை நான் அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

‘ஒன்லி’யைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மற்ற வினையடைகள் இவ்வளவு வில்லங்கம் பிடித்தவை இல்லை. ‘ரைட்’, ‘ஸ்ட்ரெய்ட்’ இரண்டும் முன்னிடைச்சொல்லுக்கு வெளியே மட்டுமே நிற்கும்: ‘ரைட் ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் பெண்ட்’, ‘ஸ்ட்ரெய்ட் டு தி தேர்ட் ஃப்ளோர்’. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-ல் கொண்டுவந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம், ஒரு சொல் முன்னிடைச்சொல்தானா என்று சோதிக்க இந்த இரண்டையும் முன்னால் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் இடமோ காலமோ இருக்க வேண்டும். ‘ரைட் ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஷார்ட்லி’, ‘வெல்’, ‘சூன்’ மூன்றும் தூரத்தை அளக்கிறவை. அதனால் ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற தூரம் காட்டும் முன்னிடைச்சொற்களோடு சேரும். ‘ஷார்ட்லி ஆஃப்டர் தி செகண்ட் ரேஸ்’ சரி, ‘ஷார்ட்லி இன் தி செகண்ட் ரேஸ்’ சரியில்லை. ‘இன்’னுக்குள் அளக்க இடைவெளி ஏது? ‘எர்லி’யும் ‘லேட்’டும் ‘இன்’, ‘ஆன்’ இரண்டோடும் பழகும், ‘ஃபார்’ பக்கம் தலைவைத்துப் படுக்காது. இதற்கெல்லாம் பயிற்சித்தாள் போதும்.

‘வெரி’தான் வேடிக்கையானது. இது தொடருக்கு வெளியே வராது, வரிசைச் சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். ‘ஃபார் தி வெரி ஃபர்ஸ்ட் டைம்’ சொல்லலாம், ‘ஆன் தி வெரி லாஸ்ட் டே’ சொல்லலாம், ‘நெக்ஸ்ட்’டோடும் சேரும். ஆனால் ‘தி வெரி செகண்ட் டைம்’, ‘தி வெரி ஃபிஃப்த் டே’ என்றால் ஆங்கிலேயர் முகம் சுளிப்பார். இரண்டாவதும் ஐந்தாவதும் வரிசைக்கு நடுவே நிற்பவை, அழுத்தம் கொடுக்க அவற்றுக்கு ஓரம் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தமிழில் நாமும் இதையே செய்கிறோம் என்று தோன்றியது. முதன்முதல் என்கிறோம், கட்டக்கடைசி என்கிறோம். இரண்டாவதுக்கு அப்படி ஓர் அடுக்கு நம்மிடமும் இல்லை.

இன்னொரு கதவு மூடியே இருக்கும். ‘அட் ஃபர்ஸ்ட்’, ‘அட் லாஸ்ட்’ போன்றவற்றில் ‘தி’ கிடையாது. வரிசைச் சொல் இருந்தும் அங்கே எண்ணுகிற வேலை இல்லை, தொடர் உறைந்துபோய்விட்டது. ‘ஒன்லி அட் ஃபர்ஸ்ட்’ என்று வெளியே போடலாம், ஆரம்பத்தில் மட்டும் என்று அர்த்தம் வரும். ‘அட் ஒன்லி ஃபர்ஸ்ட்’ என்று உள்ளே போக முடியாது. ‘அட் லாஸ்ட்’டுக்குள் ‘லாங்’ மட்டும் எப்படியோ நுழைந்து ‘அட் லாங் லாஸ்ட்’ ஆகிவிட்டது, அதற்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லை. ‘தி’ இருந்தால் கதவு திறந்திருக்கிறது: ‘அட் ஒன்லி தி ஃபர்ஸ்ட் ஸ்டாப்’. இதைத் தெரிந்துகொண்டால், பரீட்சையில் ‘அட் ஃபர்ஸ்ட்’ என்று எழுதிவிட்டு ‘முதலாவதாக’ என்ற அர்த்தத்தை எதிர்பார்க்கும் பிள்ளைகளையும் காப்பாற்றலாம். ‘அட் ஃபர்ஸ்ட்’ என்றால் ஆரம்பத்தில் அப்படி, அப்புறம் மாறிவிட்டது என்று படிப்பவர் காத்திருப்பார். மாற்றம் வரவில்லையென்றால் ஏமாந்துபோவார்.

கடைசியாக, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பது ‘நாட் ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம்’. ‘நாட் ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம், தி பஸ் வாஸ் லேட்.’ பஸ் தாமதம், இது ஒன்றும் புதிதில்லை என்கிற குத்தல். முன்னால் ‘நாட்’ இருந்தும் வாக்கியம் திரும்பவில்லை, ‘வாஸ் தி பஸ்’ ஆகவில்லை, கவனித்தீர்களா? காரணம், இந்த ‘நாட்’ பஸ் தாமதமானதை மறுக்கவில்லை. பஸ் தாமதம்தான், அதில் சந்தேகமில்லை. அது மறுப்பது ‘முதல் தடவை’ என்பதை மட்டும். மறுப்பு தொடருக்குள்ளேயே அடங்கிவிட்டதால் வெளியே எதுவும் அசையவில்லை. ‘நாட் அன்டில் தி தேர்ட் டே’யில் உள்ள ‘நாட்’ அப்படி இல்லை, அது வினையையே பிடித்து இழுக்கிறது: மூன்றாம் நாள் வரை பஸ் வரவே இல்லை. எனவே அங்கே ‘டிட் தி பஸ் கம்’ என்று திரும்பியே ஆக வேண்டும். வித்தியாசம் மறந்துபோனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்பேன்: சொன்ன காரியம் நடந்ததா, நடக்காமல் இருந்ததா? நடந்திருந்தால் ஒரு காற்புள்ளியை வைத்துவிட்டு நேராகப் போகலாம், இடையில் நடக்காத காலம் ஒன்று இருந்தால் துணைவினையை முன்னால் இழுக்க வேண்டும்.